இரண்டாம் கேட்டுக்கு ஒரு லேசான பிரௌசர்

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி யார்டு மேனேஜர் போன் செய்தார். "சர்வர், நெட்வொர்க் எல்லாம் அவங்களுக்கே தெரியும்மா. நீங்க சொதப்பின கதை ஒண்ணு எழுதுங்க, அது போதும்" என்றார். முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்கு அப்படிப்பட்ட கதைக்கா பஞ்சம்? ஆனால் எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. இரண்டாம் கேட்டின் கதைதான்.

நம் கன்டெய்னர் யார்டு உங்களுக்குப் பழகியிருக்கும். எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளும் அங்கிருந்து வருகிற பெட்டிகளும் சில நாள் தங்கிப் போகும் இடம். ஒவ்வொரு டிரெய்லரையும் கேட்டில் நிறுத்தி, வண்டி எண், பெட்டி எண், டிரைவர் பெயர் மூன்றையும் பதிந்து, எந்த வரிசையில் இறக்குவது என்று சீட்டு கொடுத்தால்தான் வண்டி உள்ளே நகரும். முன்பு இதற்கு ஒரு சின்ன மென்பொருள் கேட் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. பிறகு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றினார்கள். பிரௌசரைத் திறந்து, பக்கத்துக்குள் நுழைந்து, அங்கே பதிய வேண்டும்.

இரண்டாம் கேட்டில் இருந்த கம்ப்யூட்டருக்கு அந்த மாற்றத்தைத் தாங்கும் தெம்பு இல்லை. மிகப் பழையது. நிலக்கரித் தூசியைத் தின்று தின்று அதன் விசிறி இருமிக்கொண்டே இருக்கும். நாம் எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய பிரௌசரை அதில் திறந்தால், திறந்து முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நான்கு வண்டி பதிந்ததும் மெமரி நிரம்பித் திரை உறைந்துவிடும். மூன்றே நாளில் டிரெய்லர் வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் உள்ளே வந்து மேனேஜரைப் பார்த்துவிட்டுப் போனார்.

கேட்டில் உட்கார்ந்திருந்தவர் செல்வி. எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர். ஒன்பது வருடமாக அதே நாற்காலி. டிரைவர்கள் திட்டினால் திருப்பித் திட்டவும் தெரியும், சிரிக்க வைக்கவும் தெரியும். அன்று என்னைக் கூப்பிட்டவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

"யக்கா, நீயே வந்து குந்திப் பாரு. நான் அடிக்கிறது இப்போ, அது கேக்குறது நாளைக்கு. வெளிய ஒவ்வொருத்தனும் ஹாரன் அடிச்சுகினு கீறான். தலை வலிக்குது."

புதிய கம்ப்யூட்டர் கேட்டிருந்தோம். தலைமை அலுவலக அனுமதிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை வரிசையை மெயின் ரோட்டில் நிற்க வைக்க முடியாது. கம்ப்யூட்டரை மாற்ற முடியாவிட்டால் பிரௌசரை மாற்றுவோம் என்று நான்தான் சொன்னேன். லேசான பிரௌசர்கள் எத்தனையோ உண்டு. விளம்பரம், செய்தி, பரிந்துரை எதுவும் இல்லாமல், பக்கத்தைத் திறந்து காட்டுவதை மட்டும் செய்பவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நமக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன்.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்த ஒன்றை. நீங்களும் இதைச் செய்வீர்கள் என்பதால் சொல்கிறேன். மாத்தூரில் என் வீட்டுப் பழைய லேப்டாப்பில் அதைத்தான் வைத்திருந்தேன். பட்டனே கிடையாது. மெனு கிடையாது. எல்லாம் விசைப்பலகை எழுத்துகளால்தான். ஓர் எழுத்தை அழுத்தினால் பக்கம் மூடும், இன்னொன்றை அழுத்தினால் பின்னால் போகும், மற்றொன்றில் கீழே இறங்கும். மவுஸைத் தொடாமல் அதில் வேலை செய்யும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும். இரண்டாம் கேட்டில் அதைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் செல்விக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் மேசைக்குத் திரும்புவதற்குள் போன் வந்தது.

"யக்கா, பெட்டி நம்பர் அடிக்கிறேன், பக்கமே ஓடிப் போவுது!"

எனக்குச் சட்டென்று விளங்கியது. பெட்டி எண் நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். கட்டத்துக்குள் சொடுக்காமல் செல்வி எண்ணை அடித்தால், அந்த நான்கு எழுத்துகளும் பிரௌசருக்கு நான்கு கட்டளைகள். முதல் எழுத்தில் கீழே போய், இரண்டாவதில் பின்னால் போய், மூன்றாவதில் மூடிக்கொண்டது. நான்காவது எழுத்துக்கு மூட எதுவும் மிச்சமில்லை.

நான் திரும்பிப் போனபோது ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, மந்திரம் போட்டு வச்சிகீறீங்களா பொட்டியில?" என்று கேட்டார். செல்வி என்னைக் கைகாட்டி, "மந்திரவாதி வந்துட்டாங்க, அவங்களையே கேளு நைனா" என்றார்.

அடுத்து ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மின்னல் வேகம். ஆனால் தமிழ் சிதைந்தது. டிரைவர் பெயரைத் தமிழில் பதிகிற வழக்கம் நம் யார்டில் உண்டல்லவா? அந்தப் பிரௌசரில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. தன் பெயரையே அதில் அடித்துப் பார்த்த செல்வி, "இத்த படிச்சா நான் எந்த ஊர்க்காரின்னு எனக்கே தெரியல யக்கா" என்று சிரித்தார். மூன்றாவதை நானே தள்ளிவைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை எழுதியவர் பல வருடங்களுக்கு முன்பே கைவிட்டிருந்தார். பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லாத பிரௌசரை, வெளியுலகத்தோடு பேசுகிற கம்ப்யூட்டரில் வைக்கக்கூடாது. அது எத்தனை லேசாக இருந்தாலும் சரி.

நான்காவது சரியாக அமைந்தது. தமிழ் ஒழுங்காக வந்தது, யாரோ சிலர் இன்னும் அதைப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள், செல்விக்கு வேண்டிய பட்டன்களும் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அதைச் செதுக்கினேன். திறந்ததும் கேட் பக்கம் மட்டும்தான் வரும்படி செய்தேன். முகவரிப் பட்டையை மறைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். படங்கள் எதுவும் இறங்காதபடி நிறுத்தினேன். தானாகத் திறக்கிற தனி ஜன்னல்கள், அந்தப் பாப்-அப்கள், எல்லாவற்றையும் தடுத்தேன். பின்னணியைக் கறுப்பாக்கினேன். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் வேகம் கூடியது. இன்னும் எதை எடுக்கலாம் என்று தேடினேன். அந்த வேலையில் ஒரு போதை இருக்கிறது. உங்களுக்கும் பிடிபடும்.

திங்கட்கிழமை வரிசை ரோட்டிலிருந்து உள்ளே வந்தது. செவ்வாய்க்கிழமை வரிசையே இல்லை. செல்வி வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுத்து எடுத்து வந்தார். மேனேஜர் என் மேசைப்பக்கம் வந்து, தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அந்தத் தலையாட்டலை வீட்டுக்குப் போய் என் கணவரிடம் நடித்துக் காட்டினேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்வி போன் செய்தார். குரலில் அவசரம் இல்லை, ஒரு யோசனைதான் இருந்தது.

"யக்கா, ஒரு சந்தேகம். அந்தச் செவப்பு கட்டம் வர்றதே இல்லியே?"

"எந்தச் சிவப்புக் கட்டம்?"

"அதான் யக்கா, சில பெட்டி நம்பர் போட்டா தனியா ஒண்ணு தொறக்குமே, செவப்பா, நெருப்புப் படம் போட்டு. பழைய சாஃப்ட்வேர்லேருந்தே வாரத்துக்கு ரெண்டு மூணாவது வரும். இப்போ ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, ஒண்ணுகூட வரல. அப்படி இருக்காதே?"

கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கேட் வரை நடந்தது நினைவில் இல்லை.

தீப்பற்றக்கூடிய சரக்கு, அமிலம், இப்படி அபாயமான எதுவும் பெட்டிக்குள் இருந்தால் அந்தச் சிவப்புக் கட்டம் எச்சரிக்கும். அப்படிப்பட்ட பெட்டியை யார்டின் கோடியில் தனி இடத்தில்தான் இறக்க வேண்டும். எச்சரிக்கை வருவது தனி ஜன்னலில். உள்ளே இருப்பது ஒரு படம். நான் தனி ஜன்னலையும் தடுத்திருந்தேன், படத்தையும் நிறுத்தியிருந்தேன். அலுவலகத்தில் என் கம்ப்யூட்டரில் கேட் பக்கத்தைச் சோதித்தபோது சாதாரணப் பெட்டி எண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன்.

கேபினுக்குள் போய்த் தடையை நீக்கினேன். இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான். சோதனைக்கென்று வைத்திருக்கிற ஓர் அபாய எண்ணை அடித்தேன். சிவப்புக் கட்டம் உடனே வந்து நின்றது.

செல்வி கட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது இதுதான்: சரியாகிவிட்டது. இனி வரும் பெட்டிகளுக்கு எச்சரிக்கை வரும். வண்டிகள் நிற்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் அபாய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, செக்யூரிட்டி பார்த்திருப்பாரே. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கேபினில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்படி ஓர் ஐந்து விநாடி ஓடியிருக்கும், பத்தும் இருக்கலாம்.

"செல்வி, ஸ்டிக்கர் இல்லாம பெட்டி வருமா?" என்று கேட்டேன்.

"ஏன் வராது? மழையில உரிஞ்சிடும். ஒரு பக்கம் இருக்கும், மூணு பக்கம் இருக்காது. கட்டம் வந்தாத்தான் நாங்க எறங்கிச் சுத்திப் பாப்போம். வரலன்னா கதவு சீல் மட்டும் பாத்து உட்டுடுவோம்."

கேட்டை மூடச் சொன்னேன். அந்த அதிகாரம் எனக்கு இல்லை. செல்விக்கும் அது தெரியும்.

"யாரு மூடச் சொன்னாங்கன்னு கேட்டா?"

"என் பேரைச் சொல்லு."

செல்வி தடுப்புக் கம்பத்தை இறக்கினார். வெளியே முதல் வண்டியின் டிரைவர், "யம்மா, கப்பலு கெளம்பிடும்மா!" என்று கத்தினார். அவர் சொன்னது உண்மை. இங்கே பதிந்துவிட்டு அன்றே துறைமுகம் போக வேண்டிய ஏற்றுமதிப் பெட்டி அவருடையது; அதற்கு அங்கே கடைசி நேரம் ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல்தான். நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் யார்டுக்குள் ஓடிய ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அபாய எச்சரிக்கையை நான் தெரியாமல் நிறுத்திவிட்டேன், இரண்டாம் கேட்டில் மட்டும், இப்போது சரிசெய்துவிட்டேன், ஆனால் உள்ளே வந்த பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது.

அவர் கேட்டது ஒன்றுதான். "எப்போலேருந்து?"

"போன வாரம் திங்கட்கிழமைலேருந்து சார்."

"சரி. திட்டுறது அப்புறம்."

மென்பொருள் நிறுவனத்தைக் கூப்பிட்டார். அந்த நாட்களில் வந்த அபாயப் பெட்டிகளின் பட்டியல் வேண்டும் என்றார். நாளை அனுப்புகிறோம் என்றார்கள். "நாளை வரைக்கும் உங்க வீட்டு வாசல்ல நிறுத்தி வைக்கட்டுமா பெட்டிய?" என்று கேட்டுவிட்டு வைத்தார். பிறகு அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் அவரவர் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். இரண்டாம் கேட்டில் பதிந்த பெட்டி எண்களை நான் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணாக அடிக்க வேண்டும், சிவப்புக் கட்டம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். கணக்குப் பிரிவு, கேன்டீன் பொறுப்பாளர், மேனேஜர் எல்லோரும் அடித்தோம். அறையில் விசைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

முதல் கை உயர்ந்தது கணக்குப் பிரிவில். அந்தப் பெட்டியில் ஸ்டிக்கர் சரியாக இருந்திருக்கிறது, செக்யூரிட்டி கவனித்து அபாய இடத்துக்கே அனுப்பியிருந்தார். இரண்டாவது, முந்தின நாளே வெளியே போய்விட்டது. மூன்றாவதற்குக் கை தூக்கியது நான்தான். பெயிண்ட்டில் கலக்கிற தின்னர், பீப்பாய் பீப்பாயாக. ஆறாவது வரிசை, தரையிலேயே.

ஆறாவது வரிசைக்கு நேர் எதிரில் பெட்டி பழுதுபார்க்கிற இடம். அங்கே நாளெல்லாம் வெல்டிங் நடக்கும்.

நாங்கள் போனபோது பழனி முகக் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டியின் கதவுக் கீலில் பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்தார். மேனேஜர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். பழனி கவனிக்கவில்லை. மேனேஜர் போய் மின் சுவிட்சை அணைத்தார். பழனி கவசத்தைத் தூக்கிவிட்டு, "இன்னா சார், பாதியில? இன்னும் ரெண்டு கோடுதான் பாக்கி" என்றார். எதிரே இருந்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். முகப்பு டிரைவர் கேபினை ஒட்டியிருக்க வந்த பெட்டி அது, கேட்டில் நிற்பவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அந்த முகப்பில் மட்டும் ஒரு ஸ்டிக்கர், மூலை கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பக்கமும் பசையின் தடம்தான்.

"நாலு நாளா இது எதுக்கால குந்திகினு நாஸ்தா துன்னேன்" என்றார் பழனி. பிறகு வெல்டிங் கம்பியை மெதுவாகத் தரையில் வைத்தார். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார்.

பெரிய தூக்கு வண்டி வந்து பெட்டியை எடுத்து, கோடியிலிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. கசிவு எதுவும் இல்லை என்று பாதுகாப்பு அதிகாரி சுற்றிப் பார்த்துச் சொன்னார். கேட் திறந்தது. ஒன்றரை மணி நேரம் மூடியிருந்திருக்கிறது. கப்பலைப் பற்றிக் கத்திய டிரைவரின் வண்டியை மேனேஜர் எல்லாவற்றுக்கும் முன்னால் அனுப்பிவைத்தார். அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திட்டுவேன் என்றவர் திட்டத்தான் செய்தார். சாயங்காலம் கூப்பிட்டு, காபி வரவழைத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு திட்டினார். அதில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். "தேவையில்லாததை எடுத்தீங்க, சரி. எதெல்லாம் எடுத்தீங்கன்னு அந்தக் கேட்ல இருக்கிற பொண்ணுக்குச் சொன்னீங்களா?" சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், இதில் உனக்கு எது வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேகமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு இரண்டாம் கேட்டுக்குப் போனேன். பிரௌசரை முதலிலிருந்து அமைத்தோம். இந்த முறை மவுஸ் என் கையில் இருந்தாலும் முடிவு செல்வியுடையது.

"முகவரிப் பட்டை?"

"அது எனக்கெதுக்கு? கடாசு."

"கறுப்புப் பின்னணி?"

"யக்கா, அத்த முதல்ல எடு. மூணு மணிக்கு மேல வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. கறுப்புல ஒண்ணுமே தெரியல. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

என் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்த கறுப்பு. வெள்ளையாக்கினேன். படங்களை இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதித்தோம், தனி ஜன்னலையும் அப்படியே. மணி காட்டும் கடிகாரம் வேண்டும் என்றார். எழுத்து நான் வைத்ததைவிடச் சிறிதாக இருக்கட்டும், முழுப் பட்டியலும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்றார். எடுத்தவை எவை, விட்டவை எவை என்று ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதவைத்து, திரைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ஒவ்வொன்றையும் நிஜமான பழைய எண்கள் போட்டுச் சோதித்தோம். அபாயப் பெட்டி, காலிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி என்று எல்லா வகையும். பிரௌசர் முன்பைவிட ஒரு நூலிழை மெதுவாகத்தான் இருந்தது. வரிசை கூடவில்லை.

எச்சரிக்கையைத் தனி ஜன்னலில் காட்டாமல் அதே பக்கத்திலேயே, எழுத்திலேயே காட்ட வேண்டும் என்று மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினோம். மாற்றிக்கொடுக்க அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். புதிய கம்ப்யூட்டர்களும் ஒரு வழியாக வந்தன. பெரிய பிரௌசரை அவை அசராமல் தாங்கின. ஆனால் முதல் நாளே செல்வி போன் செய்து, "இதுல இன்னா இவ்ளோ கலீஜா கீது? செய்தி வருது, ஜோசியம் வருது. நம்ம பழசையே போட்டுக் குடு யக்கா" என்றார். போட்டுக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. நீங்கள் அதை மாற்ற நினைத்தால் மாற்றுங்கள், எனக்கு வருத்தமில்லை. செல்வியைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, காலையில் ஸ்கூட்டரில் வந்தபோது இரண்டாம் கேட்டில் பெரிய வரிசை. டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒன்பதரைக்குக் கூட்டம், நேரமாகிவிட்டது. ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. எனக்கும் பொறுமை போய், ஸ்கூட்டர் ஹாரனை ஒரு முறை அழுத்தினேன். முன்னால் எட்டிப் பார்த்தேன். கேட்டில் கம்பம் இறங்கியிருந்தது. செல்வி நாற்காலியை விட்டு இறங்கி, கையில் ஒரு தாளோடு முதல் வண்டியின் பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நின்று, ஸ்டிக்கரைக் கையால் தொட்டுப் பார்த்தார். டிரைவர் கேபினிலிருந்து எட்டி, "எவ்ளோ நேரம்மா?" என்று கத்தினார்.

"இரு நைனா. செவப்பு கட்டம் வந்துகீது. இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கறேன்."

நான் இன்ஜினை அணைத்து, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டேன். அந்தக் கூட்டத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். என் வேலைக்காலத்தில் வேறு எந்தத் தாமதத்துக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.